வற்றிய ஆற்றைத் தேடிப் போனவர்கள்

தன் கல்யாணக் கதையை அண்ணன் பாட்டாகப் பாடுவதை அந்தத் தங்கை முதன்முதலாகக் கேட்டது வீட்டுக் கூடத்தில் இல்லை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே கேட்டார். 1979 செப்டம்பர் மாதம். அந்த ஆண்டு மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்திருந்தது. அணுசக்தியை எதிர்த்துப் பாடகர்கள் ஒன்றுகூடி ஐந்து இரவுகள் கச்சேரி நடத்தினார்கள். அவற்றில் 21, 22 தேதிகளின் இரவுகளில் மேடையேறியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 23-ஆம் தேதி விடிந்தால் அவருக்கு முப்பது வயது. இந்தப் பாட்டு என் தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என்று சொல்லிவிட்டு, அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றை ஹார்மோனிகாவில் தொடங்கினார்.

பிறகு நடந்ததை இருவரும் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் வந்து கட்டிக்கொண்டாள், இது என் வாழ்க்கை என்றாள் என்பது அண்ணன் தன் சுயசரிதையில் சொல்வது. தங்கை ஒரு வாழ்க்கை வரலாற்று ஆசிரியரிடம் சொன்னது கொஞ்சம் வேறு: அதில் இருந்த அத்தனையும் உண்மை, கூட்டத்தின் நடுவே தன்னை யாரோ திறந்து வைத்துவிட்டதுபோல் இருந்தது, முதலில் பிடிக்கவில்லை, பிற்பாடு அதுவே தனக்கு மிகப் பிடித்த பாட்டாகிவிட்டது. இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கட்டிக்கொண்ட கையோடு கூசிப்போகவும் மனிதர்களால் முடியும்.

பாட்டின் பெயர் 'தி ரிவர்'. ஆறு.

கதை இவ்வளவுதான். பள்ளியில் படிக்கும்போதே காதலிக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றில் போய்க் குளிக்கிறார்கள். அவள் கர்ப்பமாகிறாள். பத்தொன்பது வயதில் அவனுக்கு ஒரு தொழிற்சங்க அட்டை கிடைக்கிறது, கூடவே கல்யாணமும் முடிகிறது. மாதா கோயில் இல்லை, பூ இல்லை, வெள்ளை கவுன் இல்லை. நீதிபதி முன்னால் கையெழுத்து. ஒரு கட்டுமான கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறான். இப்போது அங்கே அதிகம் வேலை இல்லை. அவனுக்கு எதுவும் நினைவில்லாததுபோல் இருக்கிறான். அவள் எதையும் பொருட்படுத்தாததுபோல் இருக்கிறாள். ஆறு வற்றிவிட்டது என்று தெரிந்தும் இரவில் இருவரும் காரில் அங்கே போகிறார்கள். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் பாடி முடித்துவிடுகிறார்.

வேலை போனதற்குப் பாட்டு தரும் விளக்கம் பொருளாதாரம் என்கிற ஒற்றைச் சொல்தான். முதலாளி திட்டப்படவில்லை, அரசாங்கம் திட்டப்படவில்லை. செய்தித்தாளில் படித்த சொல்லை ஒரு கட்டடத் தொழிலாளி வாயால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது என்பது குரலில் கேட்கிறது. ஒரு வரியில் அதைத் தாண்டிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் வீட்டுக்குள் பேச்சு எப்படி நின்றுபோனது என்பதைத்தான் பாட்டு சொல்கிறது. ஆலை மூடிய தேதியும் ஆட்குறைப்பு எண்ணிக்கையும் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் இருவர் எந்த நாளில் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை எந்தத் துறையும் பதிந்து வைப்பதில்லை.

ஹாங்க் வில்லியம்ஸின் பழைய நாட்டுப்புற மெட்டு ஒன்றை ஹோட்டல் அறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் இது பிறந்ததாக ஸ்பிரிங்ஸ்டீன் சொல்லியிருக்கிறார். ராக் இசைக்கு வேகமும் வீறாப்பும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதன் நிதானம் வியப்பாக இருக்கும். கிளாரன்ஸ் கிளமன்ஸின் சாக்ஸபோன் இல்லாமல், அவருடைய குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டை அந்நாளைய ரசிகர்களால் கற்பனை செய்யவே முடியாது. இந்தப் பாட்டில் அது பின்வாங்கிக்கொண்டு ஹார்மோனிகாவுக்கு இடம் விடுகிறது.

அந்த ஆறு எங்கே இருக்கிறது? ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஃப்ரீஹோல்ட், நியூஜெர்சியின் மான்மத் மாவட்டத் தலைநகர். பாட்டில் கதை சொல்பவன் தான் பள்ளத்தாக்கில் பிறந்தவன் என்கிறான். ஃப்ரீஹோல்டோ கடற்கரைச் சமவெளி, மேடுபள்ளம் குறைவு. ஆக, இது வரைபடத்தில் தேடி எடுக்கக்கூடிய ஆறு இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் பெயரும் யோசிக்க வைக்கிறது: ஜான்ஸ்டவுன். 1889-ல் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் 2,200-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பென்சில்வேனிய உருக்கு நகரத்தின் பெயர் அது. 1977-ல் மறுபடியும் வெள்ளம் வந்தது. அங்கிருந்த உருக்காலை ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. தண்ணீரால் அழிந்த ஊரின் பெயர், தண்ணீர் இல்லாத ஆற்றைப் பற்றிய பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தெரிந்து வைத்தாரோ, ஓசைக்காக வைத்தாரோ.

வற்றிய ஆறு நமக்குப் புதிதில்லை. ஔவையின் பெயரில் வழங்கும் நல்வழி, நொடித்துப்போன நல்ல குடும்பத்தை அத்தகைய ஆற்றோடுதான் ஒப்பிடுகிறது. மேலே மணல் சுட்டாலும் தோண்டினால் ஊற்று உண்டு என்பது அதன் நம்பிக்கை. வைகையிலும் பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் உவமையும் இல்லை. நியூஜெர்சிக்காரன் தோண்டிப் பார்ப்பதில்லை. கரையில் காரை நிறுத்துவதோடு சரி.

ஃப்ரீஹோல்டில் வேலை என்பது நெடுங்காலம் ஒரே ஒரு கட்டடத்தைக் குறித்தது. துருக்கியிலிருந்து வந்த ஆர்மீனியச் சகோதரர்களின் கராகூசியன் கம்பள ஆலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்தது. 'குலிஸ்தான்' என்பது அவர்களுடைய கம்பளத்தின் பெயர். ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் விரித்த கம்பளங்கள் இந்தச் சின்ன ஊரில் நெய்யப்பட்டவை. உச்சத்தில் சுமார் 1,700 பேர் வேலை பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரருக்கோ மதுரை ஹார்வி மில் பக்கத்துக்காரருக்கோ இதை விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதும் நேரத்தை வைத்து ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் ரகம். 1960-களின் தொடக்கத்தில், கூலி குறைந்த, தொழிற்சங்கம் பலமில்லாத தென்மாநிலங்களுக்கு ஆலை போய்விட்டது. வட கரோலினாவுக்கு வண்டியேறிய தறிகளோடு தொழிலாளர்கள் போகவில்லை.

அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் ஸ்பிரிங்ஸ்டீனின் அப்பா டக்ளஸும் ஒருவர். அவருடைய வேலைப் பட்டியலை வாசித்தாலே அந்தப் பகுதியின் தொழில் வரலாறு கிடைத்துவிடும்: கம்பள ஆலை, எடிசன் நகரத்து ஃபோர்டு கார்த் தொழிற்சாலை, நெஸ்கஃபே காபித் தொழிற்சாலை, சிறைக் காவல், பஸ் ஓட்டுவது. எதிலும் நிலைக்கவில்லை. நடுநடுவே வேலையில்லாத மாதங்கள். வக்கீல் அலுவலகத்தில் செயலராக இருந்த அம்மா அடீலின் சம்பளம் ஒழுங்காக வந்தது. வீடு அதில் நடந்தது. இரவில் டக்ளஸ் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சிகரெட்டும் பீருமாக இருட்டில் உட்கார்ந்திருப்பார். வாசலில் நுழையும் மகன் அந்த இருட்டைக் கடந்துதான் மாடிக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு மனநோய் இருந்தது என்பது மிகப் பிந்தித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. வேலை இல்லாததால் வந்த மௌனம் எது, நோயால் வந்த மௌனம் எது என்று சிறுவன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

1960-களின் இறுதியில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. பள்ளி வயது தாண்டாத பெண், வயிற்றில் குழந்தை. 1969-ல் அப்பாவும் அம்மாவும் கடைசிப் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு, புது வாழ்க்கை தேடி மூவாயிரம் மைல் தள்ளி கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் தங்கியது சான் மட்டேயோ, இன்றைக்கு நம்மவர்கள் பே ஏரியா என்று சொல்லும் பகுதி. கைக்குழந்தையோடு தங்கை நியூஜெர்சியிலேயே நின்றுவிட்டார். இருபது வயதைக்கூட எட்டாத அண்ணனும் கிதாரோடு நின்றுவிட்டான். பெற்றவர்கள் ஊரை விட்டுப் போவதும் பிள்ளைகள் பின்தங்குவதும் நமக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது.

தங்கை கணவர் கட்டுமானத் தொழிலாளி. அமெரிக்காவில் கட்டட வேலையும் தொழிற்சங்கமும் பின்னிப் பிணைந்தவை. கையில் யூனியன் அட்டை இருந்தால் சங்கத்தின் ஹாலில் பெயர் பதியலாம். வேலை வரும்போது கூப்பிடுவார்கள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்ததற்கு அனுப்புவார்கள். நல்ல கூலி, மருத்துவக் காப்பீடு, வயதானபின் ஓய்வூதியம் எல்லாம் அந்தச் சிறு அட்டையின் வழியே வருபவை. அதனால்தான் பாட்டில் அது கல்யாணத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அட்டை வேலை தராது, வரிசையில் இடம்தான் தரும். 1970-களில் எண்ணெய் விலை இரண்டு முறை எகிறியது. 1975 மே மாதத்தில் நாட்டில் வேலையற்றோர் விகிதம் 9 சதவீதம். வீடு கட்டுகிறவன் கையை முதலில் கட்டுவான். வரிசை நகராமல் நின்றுவிடும். 70-களின் பிற்பகுதியில் தங்கை கணவரின் வேலை போனது. கிடைத்ததைச் செய்து, வாய்விட்டுக் குறை சொல்லாமல் அவர்கள் குடும்பம் நடத்தியதைப் பார்த்துத்தான் பாட்டை எழுதியதாக ஸ்பிரிங்ஸ்டீன் பல முறை சொல்லியிருக்கிறார்.

மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்தப் பாட்டு ஒலித்து இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை, வாஷிங்டனில் இன்னொரு நியூஜெர்சிக்காரர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். பால் வோல்கர், கேப் மே என்ற கடலோர ஊரில் பிறந்து டீனெக்கில் வளர்ந்தவர், இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஃபெடரல் ரிசர்வின் தலைவராகியிருந்தார். விலைவாசியை அடக்கியே தீர வேண்டும், வட்டி எவ்வளவு ஏறினாலும் சரி என்பது அவர் அன்று அறிவித்ததன் சாரம். வட்டி ஏறியது. 1981 அக்டோபரில் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. யார் வீடு கட்டுவார்கள்? கட்டுமானக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விற்காமல் கிடந்த 'டூ பை ஃபோர்' மரச்சட்டங்களைத் துண்டு போட்டு, அவற்றின் மேல் முறையீட்டை எழுதி, அஞ்சலில் வோல்கருக்கு அனுப்பினார்கள். கார் விற்பனையாளர்கள் தங்கள் பங்குக்கு விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். 1982 இறுதியில் வேலையற்றோர் விகிதம் 10.8 சதவீதம். பாட்டு எழுதப்பட்டபோது தங்கை வீட்டுக் கதையாக இருந்தது, வெளியாகி இரண்டு ஆண்டுக்குள் பல லட்சம் வீட்டுக் கதையாகிவிட்டது. விலைவாசி அடங்கியது, வோல்கரைப் பொருளாதார நூல்கள் புகழ்கின்றன. அந்தப் புகழில் நியாயமும் உண்டு. மரச்சட்டத்தில் எழுதி அனுப்பியவர்களுக்கும் நியாயம் இருந்தது.

இசைத்தட்டு வருவதற்கு ஓராண்டு பிடித்தது. ஒற்றைத் தட்டாக 1979-லேயே முடித்துக் கொடுத்ததை ஸ்பிரிங்ஸ்டீன் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி ஸ்டுடியோவுக்குள் போய் டஜன் கணக்கில் பாட்டுகளைப் பதிந்தார். 'தி ரிவர்' என்ற பெயரில் இரட்டைத் தட்டாக 1980 அக்டோபர் 17 அன்று வந்தது. பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைத் தொட்ட அவருடைய முதல் ஆல்பம் அதுதான். அதைத் தூக்கி நிறுத்தியது துள்ளலான வேறொரு பாட்டு. ஆனாலும் தட்டின் பெயராக நின்றது அந்த ஆறு.

அதற்கு மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6, தீபாவளி. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஒரே நாளில் இரண்டு படங்கள்: கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்'. இரண்டுமே வேலையில்லாத இளைஞர்களைப் பற்றியவை. நியூஜெர்சிக்கும் கோடம்பாக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத காலம். இரண்டு இடத்திலும் ஒரே புழுக்கம் இருந்திருக்கிறது. முதல் படத்தில் டெல்லியில் பட்டினி கிடந்து பாரதியைச் சொல்லித் திரியும் ரங்கன் கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்கிறான். சங்கீத வித்வானான அப்பாவோடு அவனுக்கு ஆகாது. இரண்டாவது படம் வசூலில் தோற்றது. இளையராஜாவின் இசையில் வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமானதும், ரவி என்ற நடிகருக்குப் படத்தின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டதும் மிச்சம்.

வேறுபாடும் பெரியது. நம் படங்களின் நாயகன் பட்டதாரி. சான்றிதழ்க் கோப்போடு நேர்முகத் தேர்வுக்குப் போய், சிபாரிசு இல்லாமல் திரும்புகிறவன். 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்று பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கே தலைப்பு கொடுத்த காலம் அது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வேலையே பார்க்காதவனின் கோபம் அது. ஸ்பிரிங்ஸ்டீனின் ஆள் வேலை பார்த்தவன். கையில் இருந்ததை இழந்தவன். அவனுக்குக் கோபம்கூட வருவதில்லை. ரங்கன் உரக்கப் பேசுகிறான், இவன் பேசுவதையே விட்டுவிடுகிறான். என் கணக்கில் இரண்டாவதுதான் கேட்கப் பயமானது.

இங்கே அந்தப் படங்கள் வந்த அதே 1980-ல், ஜூன் மாதம், நியூஜெர்சியின் வடகோடியில் மாவா என்ற ஊரில் 1955-ல் திறந்த ஃபோர்டு தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை இழந்து, குடித்து, ஒருவனைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றி 1982-ன் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. அதற்கு ஓர் அரசியல் வேளையும் வந்தது. 1984 செப்டம்பர் 19 அன்று, நியூஜெர்சியின் ஹேமண்டன் ஊரில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் உள்ள நம்பிக்கையைப் பாராட்டிப் பேசினார். இரண்டொரு நாளில் பிட்ஸ்பர்க் மேடையில், அதிபர் தன்னுடைய எந்தத் தட்டைக் கேட்டிருப்பார் என்று யோசித்துவிட்டு, ஸ்பிரிங்ஸ்டீன் அந்த மாவா பாட்டைப் பாடினார். மேடையில் இவ்வளவு சிக்கனமாகப் பதில் சொன்ன பாடகர்கள் குறைவு.

அடுத்த அடி சொந்த ஊரிலேயே விழுந்தது. ஃப்ரீஹோல்டில் வீடியோ நாடா தயாரித்துக்கொண்டிருந்த த்ரீ எம் நிறுவனத்தின் தொழிற்சாலை மூடப்படும் என்று 1985-ல் அறிவிப்பு வந்தது. தொழிற்சங்கத்தார் ஊர்ப் பையனைத் தேடிப் போனார்கள். வேலைகளைக் காப்பாற்றும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்பிரிங்ஸ்டீனும் வில்லி நெல்சனும் கையெழுத்திட்ட விளம்பரம் செய்தித்தாள்களில் வந்தது. 1986 ஜனவரியில் ஆஸ்பரி பார்க்கின் ஸ்டோன் போனி விடுதியில் தொழிலாளர்களுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. உலகத்திலேயே அதிகம் விற்ற பாடகர்களில் ஒருவர் சொல்லியும் தன் ஊரில் சில நூறு வேலைகளை நிறுத்தி வைக்க முடியவில்லை.

எடிசனுக்கு வருவோம், நியூஜெர்சித் தமிழர்களுக்கு மிகப் பழக்கமான ஊர். 1954 வரை அதன் பெயர் ராரிட்டன். அதற்குள் இருக்கும் மென்லோ பார்க் ஆய்வகத்தில்தான் தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபை உருவாக்கினார். மனிதக் குரல் முதன்முதலாக ஓர் எந்திரத்துக்குள் தங்கி, திரும்ப ஒலித்த ஊர் அது. அதே ஊரில் 1948-ல் ஃபோர்டு தொழிற்சாலை வந்தது. டக்ளஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நின்று வேலை பார்த்த வரிசை அங்கேதான் இருந்தது. 2004 பிப்ரவரியில் அதுவும் மூடப்பட்டது. இடத்தைச் சமன் செய்து கடைகள் கட்டினார்கள். இன்று அங்கே சாம்ஸ் கிளப்பில் மொத்தமாகச் சாமான் வாங்கலாம், பக்கத்து டாப்கோல்ஃபில் பந்தடிக்கலாம். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை முடித்துவிட்டு அங்கே போகிற நம் குடும்பங்களுக்கு, காலடியில் ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது என்பது தெரிந்திருக்க வழியில்லை. 2010 கணக்கெடுப்பிலேயே எடிசனில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளியினர்.

அவர்களை அங்கே கொண்டுவந்த வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதுவும் ஆலைக் கதைபோலவே இருக்கிறது. ஃப்ரீஹோல்ட் இருக்கும் அதே மான்மத் மாவட்டத்தில்தான் ஹோம்டெல்லின் பெல் லேப்ஸ் கட்டடம். ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-ல் திறந்த கண்ணாடி மாளிகை. தொலைத்தொடர்பு படித்த தமிழ்ப் பொறியாளர்களுக்கு அது ஒரு காலத்தில் கோயில் மாதிரி. தாய் நிறுவனமான லூசன்ட், 1999-ல் ஒன்றரை லட்சம் ஊழியர்களோடு இருந்தது, 2003-ல் சுமார் 35,000-ஆகச் சுருங்கியது. கட்டடம் காலியாகி, பின்னர் கடைகளும் அலுவலகங்களுமாக மாறியது. 'செவரன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரை அங்கே படம் பிடித்தார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது கொடுக்கும் பணத்துக்கும் அமெரிக்காவில் அதே சொல்தான்.

டாட்காம் குமிழி உடைந்த 2001-ல் 'பெஞ்ச்' என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கன்சல்டிங் கம்பெனி வைத்திருக்கிறது, ஆனால் பிராஜெக்ட் இல்லை, அது பெஞ்ச். யூனியன் ஹாலின் வரிசையைப் போலத்தான், அட்டைக்குப் பதில் எச்-1பி விசா. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும் என்பது கூடுதல். அப்போது அதற்குக் கெடு என்றுகூட ஒன்று விதிகளில் இல்லை. 2017 ஜனவரியில்தான் அறுபது நாள் அவகாசம் முறைப்படி வந்தது. எச்-4 விசாவில் வந்த மனைவிக்கோ கணவனுக்கோ வேலை பார்க்க அனுமதியே இல்லை. 2015-க்குப் பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் கிடைத்தது. அடீலின் ஒழுங்கான சம்பளம் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டைத் தாங்கியது. அந்தத் தாங்கல் சட்டப்படியே தடுக்கப்பட்ட வீடுகள் இவை.

அறுபது நாளும் எப்படிக் கழியும் என்று எடிசனிலோ, பே ஏரியாவின் சனிவேலிலோ, டெக்சாஸின் பிளேனோவிலோ யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அதுவும் எல்லாம் முடிந்து சில ஆண்டு ஆன பிறகு. ஊரில் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்க்கிறவர்கள் கேட்டால் வழக்கம்போலப் போகிறது என்று சொல்ல வேண்டும். காலையில் சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை; கேட்காமல் இருப்பதே பெரிய பேச்சாக இருக்கும். சமையலறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பாட்டின் ஜோடியைக் கடைசியில் நாம் வற்றிய கரையில் விட்டுவிட்டு வருகிறோம். சேர்ந்து இருந்தார்களா என்பது தெரியாது. அசல் ஜோடி பிரியவில்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தே வாழ்கிறார்கள் என்பதை ஸ்பிரிங்ஸ்டீன் பெருமையோடு சொல்வதுண்டு.

அவரோ அந்தப் பாட்டுக்கு இன்னொரு உறவையும் பிற்பாடு ஏற்றிவிட்டார். 1986-ல் வெளிவந்த நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில், முந்தைய ஆண்டு செப்டம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியம் மைதானத்தில் பாடிய 'தி ரிவர்' இருக்கிறது. ஸ்டுடியோவில் ஐந்து நிமிடமாக இருந்த பாட்டு அங்கே பதினொரு நிமிடத்துக்கும் மேல் போகிறது. முதல் பாதி முழுக்கக் கதை. கிதார் மெல்ல ஓட, அவர் பேசுகிறார். அப்பாவோடு ஓயாத சண்டை, தலைமுடிக்காக. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது அப்பா முடிவெட்டுகிறவரை வீட்டுக்கே அழைத்துவந்து வெட்டவைத்தது. பட்டாளத்தில் சேர்ந்தால்தான் நீ மனுஷனாவாய் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தது. வியட்நாம் போரின் காலம். தன் முதல் குழுவின் டிரம்மர் சீருடையில் வந்து விடைபெற்றுப் போனவர், திரும்பவில்லை.

தனக்கும் அழைப்பு வந்ததை வீட்டில் மறைத்தார். மூன்று நாள் நண்பர்களோடு தூங்காமல் சுற்றிவிட்டு, பயந்துகொண்டே பஸ் ஏறி உடல் தகுதிச் சோதனைக்குப் போனார். தேறவில்லை. கூட்டம் கைதட்டுகிறது, அதில் கைதட்ட ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடர்கிறார். வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாவும் அம்மாவும் சமையலறையில் இருந்தார்கள். எங்கே போயிருந்தாய் என்றார் அப்பா. சொன்னார். என்ன ஆயிற்று என்றார். அவர்கள் என்னை எடுக்கவில்லை என்றார் மகன். வேலை தேடித் தேடிக் களைத்திருந்த, இருட்டில் உட்கார்ந்தே பழகியிருந்த அந்த மனிதர், அது நல்லதுதான் என்று மட்டும் சொன்னார்.

அரங்கம் ஒரு நொடி அடங்குகிறது. பிறகு ஹார்மோனிகா.